இரு வாசல் கொண்ட மாடம்

முன்னுரை

ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இயங்கும் என்றால் நம்புவீர்களா? நாங்களும் முதலில் நம்பவில்லை. இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்காக உழைத்தபோது அதைக் கண்ணாரக் கண்டோம். அப்போது நேர்ந்த இடரையும், அதனால் கற்ற பாடத்தையும் இங்கே எழுதுகிறோம்.

மெய்நிகர் கணினி

எங்கள் ஆய்வகக் கணினியில் இருப்பது விண்டோஸ். அதை நீக்காமலே லினக்ஸையும் கற்க வேண்டும் என்பது எங்கள் ஆசிரியையின் விருப்பம். ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் என்னும் மென்பொருளை நிறுவி, அதனுள் பாஸ் லினக்ஸை ஏற்றினார். பாஸ் நம் நாட்டுப் படைப்பு; சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய கணினிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றிருந்தது.

மெய்நிகர் கணினி புதிய எண்ணமன்று. 1960-களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார் ஒரே பெரிய கணினியைப் பல கணினிகள்போல இயங்கச் செய்தனர். விர்ச்சுவல்பாக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2010 முதல் ஆரக்கிள் நிறுவனத்திடம் உள்ளது.

வெளியே உள்ளதைத் தாய்க் கணினி என்றும், உள்ளே உள்ளதை மெய்நிகர் கணினி என்றும் சொல்வோம். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர் உண்டு. அச்சுவரில் இருபுறமும் கதவு வைத்த மாடம் போன்றதே பகிர்வுக் கோப்புறை. இப்பக்கம் வைத்ததை அப்பக்கத்தார் எடுக்கலாம்.

மாடம் திறக்கவில்லை!

‘பண்ருட்டியின் பலாவும் முந்திரியும்’ என்பது எங்கள் தலைப்பு. நாங்கள் எடுத்த 42 படங்கள் விண்டோஸ் பக்கம் இருந்தன. லினக்ஸில் கோப்புறையைத் தேடினால் காணவில்லை. ஆளுக்கொரு பொத்தானை அழுத்தினோம், குழப்பமே மிஞ்சியது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு அல்லவா? ஆசிரியை எங்களை அமரச் செய்து, “ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதை எழுதி வையுங்கள்” என்றார். அவ்வாறே வரிசையாகச் சோதித்தோம்.

முதலாவது, தாய்க் கணினியின் பக்கம். விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் கோப்புறையின் இருப்பிடம் சரியாக உள்ளதா? நாங்கள் படங்களை வேறிடத்துக்கு மாற்றியிருந்தோம். பழைய முகவரியே பதிவாகியிருந்தது. அதைத் திருத்தினோம். இதை நிலையான பகிர்வாகவும் குறிக்க வேண்டும். தற்காலிகமாகச் சேர்த்தால், மெய்நிகர் கணினியை அணைத்ததும் பகிர்வும் மறைந்துவிடும்.

இரண்டாவது, மெய்நிகர் கணினியின் பக்கம். ‘கெஸ்ட் அடிஷன்ஸ்’ என்னும் துணை மென்பொருள் அங்கே நிறுவப்பட்டுள்ளதா? சாளரத்தை இழுத்துப் பெரிதாக்கும்போது உள்ளிருக்கும் திரையும் பெரிதாகாவிட்டால், அதன்மேல் ஐயம் கொள்ளலாம். லினக்ஸின் கருநிரலைப் புதுப்பித்த பிறகு இதை மீண்டும் நிறுவ நேரிடுவதும் உண்டு.

மூன்றாவது, பெயர். தானாக இணையும்படி குறித்தால், லினக்ஸில் ‘மீடியா’ என்ற கோப்புறைக்குள், பெயரின் முன்னே ‘எஸ்எஃப்’ என்ற எழுத்துகளுடன் அது தோன்றும். நாமே கட்டளை தந்து இணைப்பதானால், அமைப்பில் கொடுத்த பகிர்வுப் பெயரையே பிழையின்றி எழுத வேண்டும்.

நான்காவது, அனுமதி. கோப்புறை கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் ‘அனுமதி இல்லை’ என்றது. எங்களுள் ஒருத்தி, “எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவே நுழைந்துவிடலாமே!” என்றாள். ஆசிரியை இசையவில்லை. ஓர் அறையைத் திறப்பதற்காக வீட்டின் சாவிக்கொத்தையே கொடுப்பார்களா? பகிர்வுக் கோப்புறை ‘விபாக்ஸ்எஸ்எஃப்’ என்ற குழுவுக்கு உரியது. ‘சுடோ அட்யூசர்’ என்ற கட்டளையுடன் எங்கள் பயனர் பெயரையும் அக்குழுவின் பெயரையும் தந்தோம். அப்போதும் திறக்கவில்லை! வெளியேறி மறுபடி உள்நுழைந்த பிறகே புதிய உரிமை நடைமுறைக்கு வந்தது. படங்கள் 42-உம் தெரிந்தன. கைதட்டி மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சியில் செய்த பிழை

பழுது நீங்கிய பிறகே பெரிய தவறு நேர்ந்தது. மெய்நிகர் கணினியில் இடம் குறைவு. “விண்டோஸில்தான் படங்கள் இருக்கின்றனவே, இங்குள்ளவற்றை அழித்துவிடலாம்” என்று எண்ணி, மாடத்தில் இருந்தவற்றை அழித்தோம். விண்டோஸில் பார்த்தால் அங்கும் இல்லை. மறுசுழற்சித் தொட்டியிலும் இல்லை. நாங்கள் கண்டவை நகல்கள் அல்ல, மூலப் படங்களே. மாடம் ஒன்று, கதவுதான் இரண்டு!

ஆசிரியையின் பென் டிரைவில் 31 படங்கள் இருந்தன. மற்ற 11 போய்விட்டன. அவற்றுள் எங்கள் தோழி ஒருத்தியின் தாயார் முந்திரிக்கொட்டை உடைக்கும் படமும் ஒன்று. கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த அவர் கைகளே எங்கள் கட்டுரைக்கு உயிர். மறுநாள் தலைகுனிந்து அவரிடம் சென்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. “அதுக்கென்ன பாப்பா, இன்னிக்கும் அதே கைதானே?” என்று சிரித்து, வேலையை நிறுத்தாமலே படமெடுக்க விட்டார். எங்கள் கண்கள் கலங்கின.

அன்று முதல் இரண்டு விதிகளைக் கைக்கொண்டோம். பார்க்க மட்டுமே வேண்டிய கோப்புறையை அமைப்பில் ‘படிக்க மட்டும்’ என்று குறித்துவிடுகிறோம். உள்ளிருந்து எவரும் அதை அழிக்க முடியாது. திருத்த வேண்டிய கோப்பை முதலில் நகலெடுத்து, நகலிலேயே வேலை செய்கிறோம்.

முடிவுரை

தோழியரே! கணினி பழுதானால் அஞ்ச வேண்டாம். இருப்பிடம், துணை மென்பொருள், பெயர், அனுமதி என்று வரிசையாகப் பாருங்கள். பெரும்பாலும் வழி பிறக்கும். கதவு திறந்த பிறகோ, இன்னும் கவனமாக இருங்கள். பகிர்ந்த பொருள் நம்முடையது மட்டுமன்று; மறுபுறம் ஒருவர் உழைப்பு இருக்கிறது. இதை ஒரு கோப்புறை எங்களுக்குக் கற்றுத் தந்தது; ஒரு தாயின் கைகள் அதை மறவாமல் செய்தன.

– பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு