பாதுகாப்பான சார்ஜரைத் தெரிவு செய்வோம்

கடலுக்குப் போனவர் கரை சேர்ந்தாரா என்று அறிவதும், புத்தளத்திலோ வவுனியாவிலோ தங்கிவிட்ட உறவுகளோடு பேசுவதும் இன்று கைத்தொலைபேசியில்தான். பிள்ளைகள் இரவில் படிக்கும் சிறிய விளக்குக்கும் ரோச் லைற்றுக்கும்கூட யூ.எஸ்.பி. வயரில்தான் சார்ஜ் ஏற்றுகிறோம். ஊர் திரும்பியதும் செலவுகள் பல இருக்கும். அதனால் ஆக மலிவான சார்ஜரை வாங்கத் தோன்றும். வாங்குவதற்கு முன் இந்தப் பாடத்தைக் குடும்பமாக வாசியுங்கள்.

சார்ஜர் என்ன செய்கிறது?

சுவர் பிளக்கில் இருப்பது 230 வோல்ற் மின்சாரம். அது ஆளைக் கொல்லக்கூடியது. யூ.எஸ்.பி. வயரில் வருவது வழக்கமாக 5 வோல்ற், அதனால் ஆபத்தில்லை. சார்ஜருக்குள் உள்ள சிறிய மின்மாற்றியும், இரு பக்கங்களுக்கும் நடுவே விடப்பட்ட சில மில்லிமீற்றர் இடைவெளியுமே இரண்டையும் பிரித்து வைக்கின்றன.

போலிச் சார்ஜர்களில் இந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக இருப்பதுண்டு. நமது கரையோர உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே படிந்தால் ஆபத்து இன்னும் கூடும். 230 வோல்ற் வயர் வழியாக, போனைப் பிடித்திருக்கும் பிள்ளையின் கைக்கே வந்துவிடலாம்.

2016 இல் யூ.எல். என்ற பாதுகாப்புச் சோதனை நிறுவனம் அப்பிள் நிறுவனத்தின் பெயரில் விற்கப்பட்ட 400 போலிச் சார்ஜர்களைச் சோதித்தது. மூன்றைத் தவிர மற்ற எல்லாம் தோல்வியடைந்தன. 12 சார்ஜர்கள் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மோசமாக இருந்தன.

கடையில் பார்க்க வேண்டியவை

1. எழுத்துகள்: ‘இன்புட்’ என்ற இடத்தில் 100–240 வோல்ற் என்றும், ‘அவுட்புட்’ என்ற இடத்தில் 5 வோல்ற் என்றும், எத்தனை அம்பியர் என்றும் இருக்க வேண்டும். தயாரிப்பாளரின் பெயரும் மாதிரி இலக்கமும் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் வாங்காதீர்கள். சி.ஈ. முத்திரையைப் போலியாகவும் அச்சிடலாம்; அதை மட்டும் நம்ப வேண்டாம்.

2. முனைகள்: 13 அம்பியர் சதுர முனைப் பிளக்கே இப்போது இலங்கையின் நியமம். அந்த வகைச் சார்ஜரில் முனைக்கும் விளிம்புக்கும் இடையே குறைந்தது 9.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். அப்போதுதான் கழற்றும்போது விரல் முனையில் படாது.

3. உடல்: மூடி இடைவெளி விட்டிருந்தாலோ, குலுக்கும்போது உள்ளே சத்தம் கேட்டாலோ வேண்டாம்.

4. பற்றுச்சீட்டு: கேட்டால் கொடுக்க வேண்டியது கடைக்காரரின் சட்டக் கடமை. முறைப்பாடு இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 இல் அழைக்கலாம்.

அம்பியர் கூடினால் போன் எரிந்துவிடுமா?

எரியாது. 2 அம்பியர் சார்ஜரில் சிறிய ரோச் லைற்றைப் போட்டாலும், அது தனக்குத் தேவையான அளவையே எடுக்கும். விரைவுச் சார்ஜர்களில் 9 வோல்ற் என்றும் எழுதியிருக்கும். போன் கேட்டால் மட்டுமே அதைக் கொடுக்கும். ஆனால் யூ.எஸ்.பி. அல்லாத உருண்டை முனை வயருள்ள றேடியோவுக்கும் விளக்குக்கும் அவற்றில் எழுதியுள்ள அதே வோல்ற் சார்ஜர்தான் வேண்டும்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

• நீண்ட காலம் பூட்டிக் கிடந்த வீடானால், முதலில் தகுதி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டு வயரிங்கையும் ட்ரிப் சுவிட்சையும் பரிசோதியுங்கள்.
• இரண்டு முனைச் சார்ஜரைச் செருக, மேல் துளையில் பேனாவைக் குத்தாதீர்கள். பொருத்தமான மாற்றுப் பிளக்கைப் பாவியுங்கள்.
• தலையணைக்கு அடியில், பாயில், ஓலைச் சுவரோரம் சார்ஜ் போடாதீர்கள்.
• ஈரக் கையோடு தொடாதீர்கள். கடலால் வந்தவுடன் கையைக் கழுவித் துடைத்த பிறகே தொடுங்கள்.
• மிகவும் சூடாகும், கருகிய மணம் வரும் சார்ஜரை உடனே ஒதுக்குங்கள்.

மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் பிடிக்காதீர்கள். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் வயரை விலக்குங்கள். பிறகு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

இன்று செய்யுங்கள்

வீட்டிலுள்ள எல்லாச் சார்ஜர்களையும் கழற்றி மேசையில் வையுங்கள். மேலே சொன்ன முதல் மூன்றையும் பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். தேறாத சார்ஜரை அடுத்த வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். வயரை வெட்டி, மறுபடி யாரும் பாவிக்க முடியாதபடி அகற்றுங்கள்.