ஒற்றைப் பெட்டிக்கு அத்தனை நீள நடைமேடை

அன்புள்ள நிலா,

நகர அமைப்பு படிக்கச் சேர்ந்துவிட்டாய், எந்த ஊரிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருந்தாய். ஒசாகாவிலிருந்து தொடங்கு. ஜப்பானில் சுரங்க ரயில் முதலில் ஓடியது டோக்கியோவில்தான், 1927இல். அது தனியார் கம்பெனி போட்ட பாதை. ஜப்பானில் ஒரு மாநகராட்சி தானே தோண்டி, தானே ஓட்டிய முதல் பாதை ஒசாகாவின் மிதோசுஜி. உமேதாவிலிருந்து ஷின்சாய்பாஷி வரை மூன்று கிலோமீட்டர் சொச்சம். 1933 மே 20 அன்று திறந்தார்கள்.

அதன் பின்னால் நின்றவர் மேயர் செகி ஹஜிமே. பொருளாதாரப் பேராசிரியர், பெல்ஜியம் போய்ப் போக்குவரத்துத் துறை படித்தவர். 1923இல் மேயரானபோது ஒசாகா ஆலைப் புகையில் மூழ்கிக் கிடந்தது. சுற்றுப்புறங்களையும் சேர்த்துக்கொண்ட பிறகு மக்கள்தொகையில் டோக்கியோவையே மிஞ்சியது. தொழிலாளி ஆலையை ஒட்டிய நெரிசலில் ஏன் வாழ வேண்டும், காற்றோட்டமான இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வேலைக்கு வந்துபோகட்டுமே என்பது செகியின் எண்ணம். அப்படியானால் விரைவான, மலிவான ரயில் வேண்டும். சுமார் ஆறு மீட்டர் அகலமே இருந்த மிதோசுஜித் தெருவை 44 மீட்டராக விரித்து, அதன் அடியிலேயே சுரங்கத்தையும் தோண்ட வைத்தார். பொருளாதார மந்தக் காலம் அது. வேலையிழந்தவர்கள் பலருக்கு அங்கே கூலி கிடைத்தது. சாலையும் ரயிலும் வந்தால் ஓரத்து நிலங்களின் விலை ஏறும் அல்லவா? அந்த ஆதாயத்தில் ஒரு பங்கை நிலச் சொந்தக்காரர்களிடமிருந்தே வசூலித்தார்கள். இன்றும் பல நகரங்கள் செய்யத் தயங்குகிற காரியம்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நடைமேடையைப் பற்றி. திறப்பு நாளில் ஓடியது ஒற்றைப் பெட்டி ரயில். நிலையங்களையோ பல பெட்டிகள் நிற்கிற நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். பல நிலையங்களில் தூணே இல்லாத வளைகூரை, அதில் வரிசையாகத் தொங்கும் அலங்கார விளக்குகள். ஒரு பெட்டிக்கு இவ்வளவு ஆடம்பரமா என்று அன்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. இன்று அந்தப் பாதையில் 10 பெட்டி ரயில்கள் ஓடுகின்றன. பிறக்காத பயணிகளுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார் செகி. 1935இல் பதவியில் இருக்கும்போதே இறந்துபோனார். மேலே சாலை முழுதாக முடிந்தது 1937இல்.

1945 மார்ச் 13 இரவு ஒசாகாமீது குண்டுமழை பெய்தது. நகரம் எரிந்துகொண்டிருந்தபோது ஷின்சாய்பாஷி நிலையத்துக்குள் இறங்கி, ரயில் ஏறி உமேதா பக்கம் தப்பித்தோம் என்று பலர் பிற்காலத்தில் சாட்சி சொன்னார்கள். ரயில் ஓடவே கூடாத நேரம் அது. யார் உத்தரவிட்டார்கள் என்று சொல்ல முறையான ஆவணம் இல்லை. ஓட்டியவர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

எல்லாமே பெருமைக்குரியதாக இருக்கவில்லை. நகரின் நடுப்பகுதிக்குள் தன் வண்டிதான் ஓட வேண்டும் என்று மாநகராட்சி வெகுகாலம் பிடிவாதம் பிடித்தது. வெளியூர்களிலிருந்து வரும் தனியார் ரயில்கள் எல்லையிலேயே நின்றன. பயணிகள் இறங்கி மாறினார்கள். 1969இல் மாநகராட்சியின் சகாய்சுஜி பாதையில் தனியார் ஹான்கியூ ரயில்கள் நேராக உள்ளே வந்த பிறகே அந்த வழக்கம் தளர்ந்தது. 1970 ஏப்ரலில், தானிமாச்சி என்ற இன்னொரு பாதைக்காகத் தோண்டிய இடத்தில் எரிவாயு வெடித்து 79 பேர் மாண்டார்கள். சுரங்கத்தைப் பற்றிப் படிக்கும்போது அந்த எண்ணையும் சேர்த்துப் படி.

அதே தானிமாச்சி பாதையில் இன்னொன்றும் நடந்தது. யாரும் ஏறக்கூடிய ரயில் வேண்டும் என்று சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர்கள் 1970களில் சங்கம் கூட்டிப் போராடினார்கள். 1980இல் திறந்த கிரே-உரிவாரி நிலையத்தில் அவர்களுக்காக லிஃப்ட் வைத்தார்கள். ஜப்பானியச் சுரங்க ரயிலில் அதுவே முதல். செகியின் நீண்ட நடைமேடையில்கூட இவர்களுக்கு வழி இல்லாமல்தான் இருந்தது. தொலைநோக்குள்ள ஒரு மேயர் போதாது. விடுபட்டவர்கள் வந்து கதவைத் தட்டவும் வேண்டும். இன்று நிலையச் சுவரில் ஒரு பட்டியலைப் பார்க்கலாம்: எந்த நிலையத்தில் இறங்க எந்தப் பெட்டியில் ஏறினால் லிஃப்ட் அருகில் இருக்கும், படிக்கட்டு எது, மாறும் வழி எது என்று பெட்டி எண் போட்டுக் காட்டியிருக்கும். மூட்டுவலிக்காரப் பாட்டி அதை ஒருமுறை பார்த்து ஏறினால் நடைமேடை முழுக்க நடக்க வேண்டாம்.

2018இல் மாநகராட்சியின் இந்தச் சுரங்க ரயில் ஒசாகா மெட்ரோ என்ற கம்பெனியாக மாறியது. பங்குகள் மாநகராட்சியின் கையில்தான். தனியார் பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

உன் வகுப்பில் எந்த ரயில் திட்டத்தின் வரைபடத்தைக் கொடுத்தாலும், பாதை எங்கே போகிறது என்று பார்ப்பதற்கு முன் மூன்றைத் தேடு: நடைமேடை எத்தனை பெட்டிக்கு, லிஃப்ட் எந்த மூலையில், செலவில் நிலக்காரர் பங்கு எவ்வளவு. பார்த்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் சித்தப்பா