சின்னப் புத்தகமே போதும்

வியாசர்பாடி, சென்னை.

அன்புள்ள பேத்திக்கு,

சின்னத் தாத்தா எழுதுவது. 

வைபரில் நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு தமிழ்ப் புத்தகம் படித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி கோயில் வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். இருப்பதிலேயே சின்னப் புத்தகம் எது தாத்தா என்று கேட்டிருக்கிறாய். அப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று உன் அம்மா பக்கத்திலிருந்து அதட்டியதும் காதில் விழுந்தது. அம்மாவிடம் சொல், நீ கேட்டது சரியான கேள்விதான். பதிலைப் பேசி அனுப்பாமல் எழுதி அனுப்புகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு படி. இதுவும் உனக்கு வாசிப்புதான்.

முதலில் இந்த விடுமுறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இங்கே என் பக்கத்து வீட்டுப் பையனும் உன்னைப் போல ஏழாம் வகுப்புதான். கோடை லீவில் அவன் புத்தகத்தையே தொடாவிட்டாலும் பஸ்ஸின் பெயர்ப் பலகை, சுவரொட்டி, மளிகைக் கடை பொட்டலம் என்று தமிழ் எழுத்து அவன் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். உனக்கு அப்படியில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாம் பர்மிய மொழி, தெருவிலும் பர்மிய மொழி. கோயிலில் தமிழ் சொல்லிக்கொடுப்பதே மார்ச் முதல் மே வரைக்கும்தான், அதிலும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்விடும். மிச்சமுள்ள நாள்கள்தான் உன்னுடைய தமிழ்ப் பள்ளிக்கூடம். அதில் படிக்கிற ஒரு புத்தகம், இங்கே ஒரு பிள்ளை படிக்கிற பத்துக்குச் சமம்.

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1959-இல், ரங்கூன் நகரத்துக்குள் குடிசை போட்டிருந்தவர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய புதுநகர்களில் நீ இருக்கிற தாகேதாவும் ஒன்று. நம் வீடு அப்படித்தான் அங்கே போனது. அந்தக் காலத்து ரங்கூனில் தமிழில் பாடம் நடத்துகிற பள்ளிகள் இருந்தன, தமிழ்ப் பத்திரிகைகள் அச்சாகின. 1962-இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த சில வருஷங்களில் கடைகளும் வங்கிகளும் நாட்டுடைமையாயின, தனியார் பள்ளிகளும் அரசு வசம் போயின. 1964-க்குப் பிறகு நம்மவர்கள் கப்பல் கப்பலாக மதராஸுக்கு வந்து இறங்கினார்கள். அப்படி வந்த பையன்களில் நான் ஒருவன். என் அண்ணன், உன் தாத்தா, அங்கேயே இருந்துவிட்டார். உன் அப்பத்தா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் தமிழ்ப் பள்ளிக்கூடம் நின்றுபோனது. உன் அப்பாவுக்கு அதுவும் கிடைக்கவில்லை. நன்றாகத் தமிழ் பேசுகிற வீடு அது, ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த ஆள் இப்போது நீ ஒருத்திதான். டீச்சர் கொடுத்த வேலையை அதனால்தான் நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

இனி புத்தகத்துக்கு வருகிறேன். நம் உறவில் யாரிடம் கேட்டாலும் இரண்டு பெயர் சொல்வார்கள். ஒன்று திருக்குறள், இன்னொன்று பொன்னியின் செல்வன். இரண்டும் பெரிய நூல்கள், உனக்காகக் காத்திருக்கும். ஆனால் இந்தக் கோடைக்கு இரண்டும் வேண்டாம். குறள் ஒவ்வொன்றுக்கும் உரை கேட்டுத்தான் நீ நகர முடியும். பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். முதல் பாகத்தில் பத்துப் பக்கத்தோடு நின்றுபோனால், தமிழ்ப் புத்தகம் என்றாலே முடிக்க முடியாதது என்று உன் மனதில் பதிந்துவிடும். அப்படிப் பதிந்துபோய், அதற்கப்புறம் ஒரு புத்தகமும் எடுக்காமலே வளர்ந்த பிள்ளைகளை இங்கேயும் நிறையப் பார்த்திருக்கிறேன். பதினாறு பக்கக் கதைப் புத்தகமாக இருந்தாலும், கடைசிப் பக்கம் வரை போய் மூடிவைப்பதுதான் முக்கியம். மூடிவைத்தவுடன் அடுத்ததை எடு. ஒரு பெரிய புத்தகத்தில் பாதியைவிட, சின்னப் புத்தகம் ஆறு மேல்.

ஆறு என்று சும்மா சொல்லவில்லை. அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்தில் பார்பரா ஹெய்ன்ஸ் என்பவர் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கோடை விடுமுறையை ஆராய்ந்து 1978-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். விடுமுறையில் ஆறு புத்தகமாவது படித்த பிள்ளைகள், படிக்காதவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்பது அவர் கண்டது. பிறகு ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்ஸன் என்ற இரண்டு பேராசிரியர்கள் ஃப்ளோரிடாவில் ஏழைப் பிள்ளைகள் படிக்கிற தொடக்கப் பள்ளிகளுக்குப் போனார்கள். மூன்று வருஷம், ஒவ்வொரு கோடைக்கும் பிள்ளைக்குப் பன்னிரண்டு புத்தகம் என்று இலவசமாகக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யவில்லை. பரப்பிவைத்து, பிடித்ததை எடுத்துக்கொள் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, புத்தகம் கிடைக்காத பிள்ளைகளுடையதைவிட நன்றாக இருந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, புத்தகத்தைப் பிள்ளைகளே எடுத்தார்கள் என்பதுதான். உனக்கும் அதையே சொல்கிறேன். பேய்க் கதை பிடித்தால் பேய்க் கதை எடு. நாய்க்குட்டி, விண்கலம், சமையல் எதுவானாலும் சரி. நல்ல புத்தகமா என்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நாலு பக்கத்தில் அலுத்துப்போனால் வைத்துவிட்டு வேறொன்று எடுத்துக்கொள்.

தாகேதாவில் எங்கே கிடைக்கும் என்று கேட்பாய். கடையில் கிடைக்காதுதான், உன் அப்பாவின் போனில் கிடைக்கும். பிரதம் புக்ஸ் நடத்துகிற 'ஸ்டோரிவீவர்' என்ற தளத்தில் படத்தோடு கூடிய தமிழ்க் கதைகள் நிறைய இருக்கின்றன, காசு கிடையாது. ஒன்று முதல் நான்கு வரை படி பிரித்து வைத்திருப்பார்கள். நீ இரண்டாம் படியில் தொடங்கு. ஏழாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் படியா என்று வெட்கப்படாதே. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று தொடங்கினார்கள். அதில் சிறு புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருக்கிறார்கள். வயதுக்கோ வகுப்புக்கோ அந்தப் பெயர்களில் இடமில்லை. எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து கிளம்பினால் போதும். மின்சாரமும் இணையமும் ஒன்றாக வருகிற நேரம் பார்த்து நாலைந்து கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால், கரண்டு போன பிறகும் படிக்கலாம்.

எப்படிப் படிப்பது என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், நீ திணறுவது அங்கேதான். உன் பள்ளிக்கூட எழுத்தில் 'க' ஒலி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எழுத்து இருக்கிறது. தமிழில் ஒரே ஓர் எழுத்துதான். 'கடல்' என்னும்போது ஒரு மாதிரி, 'தங்கம்' என்னும்போது ஒரு மாதிரி, 'அகம்' என்னும்போது ஒரு மாதிரி ஒலிக்கும். எதை எங்கே சொல்வது என்று நீ தனியாகப் பாடம் பண்ண வேண்டியதில்லை. வீட்டில் பேசிப் பேசி அது உன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லை வாயிடம் விட்டுவிடு. இன்னொன்று, பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடம் விடமாட்டார்கள், தமிழில் விடுகிறோம். அந்த விதத்தில் தமிழ் உனக்கு எளிதுதான்.

கடினமானது வேறொன்று. புத்தகம் பேசுகிற தமிழும் உன் வீட்டில் பேசுகிற தமிழும் வேறு. கதையில் இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்: 'மழை நின்றதும் கிழவி வாசலுக்கு வந்து பார்த்தாள்.' முதல் தடவை எழுத்து எழுத்தாகத்தான் போவாய், போகட்டும். இரண்டாம் தடவை சத்தமாக, நிறுத்தாமல் படி. மூன்றாம் தடவை புத்தகத்தைப் பார்க்காமல், அப்பத்தாவிடம் சொல்வது மாதிரி சொல்: 'மழ நின்னதும் கெழவி வாசலுக்கு வந்து பாத்தா.' இது உனக்குத் தெரிந்த தமிழ்தானே? நின்றது நின்னதாகவும் பார்த்தாள் பாத்தாவாகவும் மாறுகிற இந்த வழி, பத்துப் பக்கத்துக்குள் உனக்குப் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம் புதுச் சொல் வந்தால் மட்டும்தான் நிற்க வேண்டியிருக்கும்.

அதனால் மனதுக்குள் படிக்காதே, அப்பத்தாவுக்குப் படித்துக் காட்டு. மத்தியானம் தகரக் கூரையின் கீழ் உட்கார முடியாது, காலையிலேயே, அவர் வெற்றிலை மடிக்கிற நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள். நாளைக்கு இரண்டு பக்கம் போதும். நீ தப்பாகச் சொன்னால் அவர் காதே திருத்திவிடும். உனக்குப் பொருள் தெரியாத சொல் அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரு கதை கேட்டால் அவர் ராமநாதபுரத்துக் கதை இரண்டு எடுத்துவிடுவார், அதையும் கேட்டு வைத்துக்கொள். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் அவருக்குத் தமிழில் ஒரு பக்கம் படித்துக் காட்டியதில்லை, அவருடைய கல்யாணப் பத்திரிகையைத் தவிர.

டீச்சர் கேட்ட ஒரு பக்கத்தைத் தட்டாமல் எழுதிவிடு. கதைச் சுருக்கம் கேட்டிருந்தால் முதல் பாதியில் அதை எழுது. புத்தகத்தின் பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதாதே, டீச்சருக்கும் அது தெரியும். மீதிப் பாதியில், கேட்டுக்கொண்டிருந்தபோது அப்பத்தா என்ன சொன்னார், எந்த இடத்தில் சிரித்தார், எந்த இடத்தில் இது நடக்காது என்றார் என்று எழுது. எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும். பிழைக்குப் பயந்து நாலு வரியோடு நிறுத்துவதுதான் எனக்குப் பிடிக்காது.

பர்மியப் புத்தகங்களை விட்டுவிட வேண்டுமோ என்று நினைக்காதே. 1969-இல் தொடங்கிய 'ஷ்வே த்வே' சிறுவர் இதழை உன் அப்பாவும் படித்துத்தான் வளர்ந்தார். கிடைத்தால் விடாதே. வாடகைக் கடைக் கார்ட்டூன் புத்தகமும் படி. கதையில் மூழ்கிப் படிக்கிற பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் இன்னொரு மொழிக்கும் கூடவே வரும். உன் ஊர் மொழியில் நீ நன்றாகப் படிப்பது எனக்குப் பெருமைதான்.

உன் ஊரைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள். தமிழ்நாட்டு ராயவரத்துக்காரர் வை. கோவிந்தன் இளம் வயதில் பர்மாவில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு 1939-இல் 'சக்தி' என்ற பத்திரிகையைத் தொடங்கி, மலிவு விலையில் நல்ல புத்தகங்களைப் போட்டார், குழந்தைகளுக்கென்றும் பத்திரிகை நடத்தினார். அந்தச் சக்தி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்தான் பின்னாளில் குழந்தைக் கவிஞர் என்று பெயர் வாங்கிய அழ. வள்ளியப்பா. இன்னொருவர் வெ. சாமிநாத சர்மா. 1930-களில் ரங்கூனில் இருந்துகொண்டு 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகையை நடத்தினார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். லட்சக்கணக்கானவர்கள் காட்டிலும் மலையிலும் நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள், சர்மாவும் அவர் மனைவியும் அவர்களோடு நடந்தார்கள். அந்த நடையைத்தான் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' என்று அவர் எழுதினார். அது இப்போது உனக்குக் கனமான புத்தகம். பத்தாம் வகுப்பு வரும்போது படி. நம் வீட்டில் பெரியவர்கள் பாதி சொல்லிப் பாதி விழுங்கின கதையெல்லாம் அதில் முழுசாக இருக்கிறது.

அடுத்த மாதம் நம் சொந்தக்காரர் ஒருவர் ரங்கூன் வருகிறார். அவர் கையில் எட்டுச் சின்னப் புத்தகங்கள் கொடுத்தனுப்புகிறேன். வள்ளியப்பாவின் பாட்டுப் புத்தகம் ஒன்று, 'துளிர்' அறிவியல் இதழ் இரண்டு, மிச்சமெல்லாம் கதை. முதலில் எதைப் படிப்பது என்று நீயே எடுத்துக்கொள். படித்து முடித்ததைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் வகுப்பில் அடுத்த பிள்ளைக்குக் கொடு. அட்டையின் உள்பக்கத்தில் படித்தவர்கள் பெயரை வரிசையாக எழுதிவையுங்கள். எல்லாரும் படித்து முடித்ததும் டீச்சரிடம் கொடுத்துக் கோயிலிலேயே வைக்கச் சொல், அடுத்த வருஷப் பிள்ளைகளுக்கு ஆகும். எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். நீ படிக்கிற முதல் பக்கத்தை மட்டும் குரல் பதிவாக அனுப்பு. திக்கித் திணறினாலும் அப்படியே அனுப்பு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள சின்னத் தாத்தா