வீடு மாறும் இடைவெளியில் ஒரு நாவல்

பழைய வீட்டைக் காலி செய்தாயிற்று. புதிய வீட்டின் சாவி இன்னும் கைக்கு வரவில்லை. ஒருபுறம் வாடகை, மறுபுறம் வீட்டுக் கடன் வட்டி. சாமான்கள் பெட்டிகளில் கட்டுண்டு கிடக்க, மனம் இரவிலும் கணக்குப் போடுகிறது.

இக்காலத்தில் கவலைக்கும் ஓய்வுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குதல் நலம். குறித்த தேதியில் வீடு ஒப்படைக்கப்படாவிடில், தாமதமாகும் ஒவ்வொரு மாதத்திற்கும் வட்டி கோரும் உரிமையை 2016ஆம் ஆண்டின் கட்டட, மனை விற்பனை ஒழுங்குமுறைச் சட்டம் நமக்கு அளிக்கிறது. ஒப்பந்தத்தையும் கடிதங்களையும் பகலிலேயே பார்த்து முடிப்போம். இரவில் அரைமணி நேரம் கதைக்கு உரியதாகட்டும்.

இதற்கு நெடிய நாவலே ஏற்றது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக வந்தது. அடுத்த அத்தியாயத்திற்காக வாசகர்கள் வாரந்தோறும் காத்திருந்தனர். சாவிக்காகக் காத்திருப்பது நம்மை வாட்டுகிறது. கதைக்காகக் காத்திருப்பதோ நாளைய பொழுதை விரும்பச் செய்கிறது. நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும்.

மூட்டை கட்டும்போதே விருப்பமான ஒரு நூலைக் கைப்பையில் வைத்துக்கொள்வோம். மறந்துவிட்டால், மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் கல்கியின் நாவல்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. கைபேசியில் படிப்போர் அந்நேரம் செய்தி அறிவிப்புகளை நிறுத்திவைப்பது நன்று. தோழர்களைப் பிரிந்து வாடும் பிள்ளைகளுக்கு உரக்க வாசித்துக் காட்டலாம். எந்தக் கூரையின் கீழ் இருந்தாலும், தினமும் அதே நேரத்தில் தொடரும் கதை குடும்பத்திற்கு ஒரு நிலையான பழக்கமாகும்.