குளிர்சாதனம் பழுதுற்றால்: காஸ் நிரப்புமுன் காரணம் காண்போம்

சங்கப் புத்தகங்களைப் பார்வையிடும்போது, வாகனப் பராமரிப்பு என்னும் தலைப்பின்கீழ் ஒரே செலவு ஆண்டுதோறும் இடம் பெற்றிருப்பதைச் சில இடங்களில் காண்கிறோம். ‘ஏ.சி.க்குக் காஸ் நிரப்பிய வகையில்’ என்பதே அச்செலவு. சென்ற சித்திரையில் நிரப்பிய காஸ் இந்தச் சித்திரைக்குள் தீர்ந்துவிட்டது என்று காரணம் கூறப்படுகிறது. ரசீது முறையாக இருப்பதால் கணக்கில் குறை கூற இடமில்லை. எனினும், அச்செலவு அவசியந்தானா என்று ஆராய்வது அங்கத்தினர்களின் கடமையாகும்.

காரைக்குடிச் சீமையில் கார் இன்று ஆடம்பரப் பொருளன்று. 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை வாங்க வருவோரையும், கானாடுகாத்தான் மாளிகைகளையும் ஆத்தங்குடித் தரைக்கல் தொழிலையும் காண வருவோரையும் ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கோடையில் குளிர்சாதனம் நின்றால் வாடகையும் நின்றுவிடும். ஆகவே, அது இயங்கும் விதத்தையும், பழுதைக் கண்டறியும் முறையையும் இங்கே சுருக்கமாகக் காண்போம்.

குளிர் பிறக்கும் விதம்

மண்பானையில் நீர் குளிர்வதை அறியாதார் இல்லை. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய உஷ்ணத்தைப் பானையிலுள்ள நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. காரின் குளிர்சாதனமும் இந்நியதியைக் கொண்டே இயங்குகிறது. வேறுபாடு ஒன்று உண்டு. பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும். காரிலோ, ஆவியான பொருளைப் பிடித்துத் திரவமாக்கி, மீண்டும் மீண்டும் அதனையே பயன்படுத்துகிறோம்.

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இப்பொருள் ஆர்-134ஏ என்னும் காஸ் ஆகும். நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இதுவோ சாதாரண அழுத்தத்தில் பூஜ்யத்திற்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். கம்ப்ரஸர் இதனை அழுத்திச் சூடேற்றுகிறது. காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டென்சரில் அது தன் உஷ்ணத்தை வெளிக்காற்றுக்குக் கொடுத்துத் திரவமாகிறது. பின்னர் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துவாரம் வழியே பாய்ந்து அழுத்தம் குறைந்து, உள்ளேயுள்ள கூலிங் காயிலில் ஆவியாகிறது. அக்காயிலின்மீது புளோயர் விசிறி வீசும் காற்றே குளிர்ந்து நம்மை வந்தடைகிறது.

இதிலிருந்து நாம் பெறும் உண்மை யாதெனில், காஸ் பெட்ரோலைப்போல் எரிந்து செலவாவதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருவது. ரப்பர்க் குழாய்களின் வழியே சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் அதன் விளைவு தெரியப் பல ஆண்டுகள் ஆகும். ஓராண்டுக்குள் குளிர் போய்விட்டதாயின், எங்கோ ஒழுக்கு இருக்கிறது, அல்லது பழுது காஸிலேயே இல்லை என்று கொள்க.

அறிகுறிகளும் காரணங்களும்

1. காற்றே வரவில்லை: முதலில் ஃப்யூஸைப் பார்க்க. பின்பு புளோயர் மோட்டாரைச் சோதிக்க. மிகுந்த வேகத்தில் மட்டும் விசிறி சுழன்று, மற்ற வேகங்களில் சுழலாவிடின், பல கார்களில் புளோயர் ரெசிஸ்டர் கெட்டிருப்பதே காரணம். காற்று வந்தும் பலமின்றி இருப்பின், ஃபில்டரைக் கழற்றிப் பார்க்க. செம்மண் புழுதி படியும் நமது பாதைகளில் இது விரைவில் அடைபடும்.

2. காற்று வருகிறது, குளிர் இல்லை: என்ஜின் ஓடும்போது ஏ.சி. பொத்தானை அழுத்தி, பானெட்டின் பக்கம் செவி கொடுக்க. கிளட்ச் உள்ள கம்ப்ரஸராயின் ‘டக்’ என்னும் ஓசை கேட்கும். கேட்கவில்லையெனில் ஃப்யூஸ், ரிலே, கிளட்ச் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காஸ் மிகக் குறைந்தாலும், கம்ப்ரஸரைக் காக்கும் பொருட்டு அழுத்த சுவிட்ச் அதனை ஓடவிடாது.

3. ஓடும்போது குளிர்கிறது, நின்றால் குளிர் போகிறது: கண்டென்சர் விசிறி சுழலவில்லை, அல்லது கண்டென்சரின் இடுக்குகள் அடைபட்டுள்ளன. நூல் பஞ்சும் வைக்கோல் துகளும் படியும் இடங்களில் நிற்கும் வண்டிகளில் இதனைக் கவனிக்க வேண்டும். தகடுகள் வளையாதபடி மெதுவாக நீர் பாய்ச்சிக் கழுவினால், காசு செலவின்றியே குளிர் திரும்பக்கூடும்.

4. முதலில் குளிர்ந்து, பின் காற்றோட்டமே குறைகிறது: கூலிங் காயிலில் பனி உறைந்திருக்கலாம். ஏ.சி.யை நிறுத்தி, விசிறியை மட்டும் சிறிது நேரம் ஓடவிட, காற்று மீண்டும் பெருகினால் இது உறுதி. அடைபட்ட ஃபில்டர், பழுதான வெப்பம் உணரும் கருவி, குறைந்த காஸ் ஆகியவை இதற்குக் காரணங்களாம்.

5. ஒருபுறம் குளிர், மறுபுறம் வெப்பம்: தானே வெப்பநிலையைச் சீராக்கும் கார்களில், சூட்டையும் குளிரையும் கலக்கும் சிறு கதவுகள் உண்டு. டாஷ்போர்டுக்குள் ஓயாமல் ‘டிக் டிக்’ ஓசை எழுந்தால், அக்கதவை இயக்கும் சிறு மோட்டாரைச் சந்தேகிக்கலாம். இதற்குக் காஸ் நிரப்புவதால் பயனில்லை.

6. காலடியில் நீர் தேங்குகிறது: வெளியேற்றும் குழாய் அடைபட்டுள்ளது. காருக்கு அடியில் நீர் சொட்டுவது பழுதன்று. காற்றிலுள்ள ஈரமே அவ்வாறு வடிகிறது.

ஒழுக்கைக் கண்டறிதல்

காஸ் குறைந்திருப்பது உறுதியானால், முதல் வேலை ஒழுக்கைக் காண்பது. காஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், ஒழுகும் மூட்டில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் தூசியும் படிந்திருக்கும். தெரியாவிடில், நைட்ரஜன் வாயுவை அடைத்து அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பதும், சாயம் செலுத்திப் புற ஊதா விளக்கால் நோக்குவதும் நல்ல பட்டறைகளின் வழக்கம். பழுதைச் சரிசெய்தபின், உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் பம்பினால் முழுவதும் வெளியேற்ற வேண்டும். ஈரம் தங்கினால் வால்வில் உறைந்து அடைக்கும். நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும். அதன்பின், பானெட்டின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்த கிராம் அளவுக்கே காஸை நிறுத்து அடைக்க வேண்டும். அளவு மிகுந்தாலும் குளிர் குறையும்.

எச்சரிக்கைகள்

இக்குழாய்களை அங்கத்தினர்கள் தாமே திறத்தல் ஆகாது. கோடையில் உயர் அழுத்தப் பகுதியின் அழுத்தம், லாரி டயரில் அடைக்கும் காற்றினும் மிகுதி. பீறிடும் காஸ் கண்ணிலோ தோலிலோ பட்டால் அவ்விடம் உறைந்து புண்ணாகும். மலிவை நாடித் தீப்பற்றும் மாற்று வாயுக்களை, அதற்கென அமையாத வண்டியில் நிரப்புதலும் கூடாது. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிட்டு, ஏ.சி. போட்டு உறங்குவது உயிருக்கே கேடாகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உறங்குவோரை எழுப்பாமலே கொல்லும்.

காஸைக் காற்றில் திறந்துவிடுவது உலகிற்கும் தீங்கு. முற்காலத்தில் கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்ததால், 1987-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை அதனை விலக்க வழி செய்தது. அதன் இடத்தில் வந்த ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதன்று. ஆயினும் பூமியின் உஷ்ணத்தைப் பெருக்குவதில் சம எடைக் கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்குக்குக் குறையாதது. இத்தகைய வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் இசைவு ஏற்பட்டது. இந்தியா 2021-இல் அதனை ஏற்றது.

சங்கங்கள் செய்யத் தக்கவை

வாகனம் உள்ள சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் ஓர் எளிய விதியை மேற்கொள்ளலாம். காஸ் நிரப்பிய ரசீதில், ஒழுக்கு இருந்த இடம், மாற்றிய பாகம், அடைத்த காஸின் பெயர், கிராம் அளவு ஆகிய நான்கும் எழுதப்பட்டிருந்தாலன்றிப் பணம் வழங்கலாகாது. சொந்தக் கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களும் இந்நான்கையும் கேட்டுப் பெறலாம். கேட்பதால் நல்ல மெக்கானிக் வருந்தமாட்டார். தம் வேலையின் தரத்தை எழுத்தில் காட்ட அவருக்கும் அது வாய்ப்பாகும்.

ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பவன் கிணற்றைக் குறை கூறிப் பயனில்லை. ஓட்டையை அடைத்துவிட்டு வார்ப்பதே சிக்கனம். கூட்டுறவு நமக்குக் கற்பிக்கும் சிக்கனமும் அதுவே.