புல்லட்டின் முள் சொல்வது என்ன?

1955-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட் வண்டிகளில், தகப்பனார் ஓட்டிய பழைய வண்டி ஒன்றைப் பிரியத்தோடு பராமரித்து, பொன்னேரியிலிருந்தோ கவரைப்பேட்டையிலிருந்தோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போய்வரும் தொழிலாளர்கள் இன்றும் உண்டு. ஹெட்லைட் கூட்டின்மேல் பதிந்திருக்கும் சிறிய ஆம்பியர் மீட்டரைப் பற்றி அவர்களிடையே வழங்கும் அபிப்பிராயங்களில் மிகவும் வீண் செலவு வைப்பது, முள் நடுவில் நின்றுவிட்டால் சார்ஜ் ஏறவில்லை என்னும் நம்பிக்கையாகும்.

உண்மை இதற்கு நேர் விரோதமானது. அந்த முள் பாட்டரியின் இருப்பைக் காட்டுவதன்று. பாட்டரிக்குள் மின்சாரம் போகிறதா, அதிலிருந்து வெளியேறுகிறதா என்பதை மட்டுமே காட்டுவது. வண்டியைக் கிளப்பியவுடன் பிளஸ் பக்கம் சாய்ந்து, சற்று தூரம் ஓடியபின் மெல்ல நடுவுக்குத் திரும்பி நிற்குமாயின், பாட்டரி நிறைந்து வரவும் செலவும் சமமாகிவிட்டன என்றே கொள்ள வேண்டும். இதை அறியாமல், நன்றாயிருக்கும் ரெக்டிஃபயரைக் கழற்றி எறிந்து புதிது மாட்டுகிறவர்களைக் காணும்போது எனக்கு மனவருத்தமே உண்டாகிறது. ஐடிலிங்கில் ஹெட்லைட்டைப் போட்டால் முள் மைனஸுக்கு இறங்குவதும், இண்டிகேட்டர் மின்னுந்தோறும் அது ஊசலாடுவதும் இயல்பே. ஆக்ஸிலரேட்டரைத் திருகிய பின்பும், சாலையில் ஓடும் வேகத்திலும், அது மைனஸை விட்டு எழாதிருந்தால்தான் பழுது. பாயிண்ட் வைத்த பழைய வண்டிகளில் பிளக்கின் பொறியும் பாட்டரியையே நம்பியிருப்பதால், அந்நிலையில் தொடர்ந்து ஓட்டுகிறவர் ஹெட்லைட்டை மட்டுமல்ல, எஞ்சினையே நடுவழியில் இழக்க நேரிடும்.

எண்ணெய் குறைந்தால் ஏதேனும் விளக்கு எரிந்து காட்டிவிடும் என்பது அதைவிட அபாயகரமான நம்பிக்கை. பழைய புல்லட்டில் அப்படியொரு விளக்கே கிடையாது. ஆயில் விளக்கு உள்ள பிற வண்டிகளிலும் அது பெரும்பாலும் அறிவிப்பது எண்ணெயின் அழுத்தத்தையேயன்றி அளவையன்று. அழுத்தம் விழுந்து அது எரியும் தருணத்தில் பேரிங்குகள் ஏற்கெனவே தேயத் தொடங்கியிருக்கலாம் என்பதால், அடுத்த ஊர்வரை போய்ப் பார்க்கலாம் என்று நினையாமல் எஞ்சினை உடனே நிறுத்துவது அவசியம். புல்லட்டில் இன்னொரு விசேஷமும் உண்டு. பல நாட்கள் நிறுத்தி வைத்தால் எண்ணெய் தன் அறையிலிருந்து கசிந்து கிராங்கின் அடியில் தேங்கிவிடும். டிப் ஸ்டிக்கில் குறைவாகத் தெரிகிறதே என்று மேலும் ஊற்றினால் மிகுதியாகிவிடும். சிறிது நேரம் ஓட்டி, நிறுத்தி, சமதளத்தில் பார்ப்பதே முறை.

பிற்காலத்து வண்டியைப் பழையதாக வாங்குகிறவர்களின் சந்தேகங்கள் வேறு வகையானவை. 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அதன் விளக்கு சாவி போட்டதும் எரிந்து, வண்டி நகர்ந்த பின்னரே அணையும். நகர்ந்த பின்னும் எரிந்தால் பிரேக் பிடிக்காது என்று பயப்பட வேண்டியதில்லை. பிரேக் பிடிக்கும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் உதவி இராது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கைப் பாட்டரி ஒயரைக் கழற்றி மாட்டி அணைத்துவிடலாம் என்பதும் பொய். காரணம் நீங்காதவரை அது திரும்பவும் எரியும். விற்பதற்காக அந்த பல்பையே பிடுங்கிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை நான் மன்னிக்கத்தக்க தந்திரமாகக் கருதவில்லை.

ஆகையால் பழைய வண்டி வாங்கப் போகும் அன்பர்கள், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் சாவியை மட்டும் திருப்பி, எச்சரிக்கை விளக்குகள் யாவும் ஒருமுறை எரிகின்றனவா என்று பாருங்கள்; எரிய வேண்டிய விளக்கு எரியாவிட்டால், காரணம் தெரியும்வரை பணம் கொடுக்காதீர்கள்.