கருமண்ணில் பிடித்த தீயை அணைக்க

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம், ராஜா மூசா காட்டோரத்தில் வெயில் காலத்தில் தீப்பிடித்தால், தண்ணீரை ஊற்றிச் சுவாலை அடங்கியதும் வீடு திரும்பிவிடுகிறார்கள். இரண்டு நாளில் பத்தடி தள்ளிப் புகைகிறது. அங்கே எரிவது புல் மட்டுமல்ல, நிலமே எரிகிறது. மலாயில் கம்புட் என்கிற இந்தக் கருமண், நீருக்கடியில் முழுதாக மட்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த வேரும் மரமும். கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரை வடித்தால் காய்ந்து விறகாகிவிடும்.

முதலில் 999-ஐ அழைத்துத் தீயணைப்புப் படையான பொம்பாவுக்குச் சொல்லுங்கள். பெரிய தீ அவர்கள் வேலை. கீழே சொல்வது தோட்ட ஓரத்துச் சின்னப் புகைச்சலுக்கு மட்டும்.

காற்று முதுகில் படும்படி நில்லுங்கள். நீளக் கம்பால் குத்திப் பார்த்தே அடி வையுங்கள். மேலே மண் இருக்கும், உள்ளே வெந்து குழியாகியிருக்கும். வேர் எரிந்த மரம் சத்தமில்லாமல் சாயும், அதன் பக்கம் போகாதீர்கள். தலை சுற்றினால் உடனே வெளியேறுங்கள்.

இனி, எல்லாரும் தவறவிடும் வேலை. புகைகிற இடத்துக்கு வெளியே, சூடில்லாத மண்ணில், சுற்றிலும் கான் வெட்டுங்கள். எவ்வளவு ஆழம் என்று கேட்காதீர்கள். ஈர மண் வரும்வரை. முழங்கால் ஆழத்தில் நிறுத்தினால் தீ அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய்விடும். குறுக்கே வரும் வேர்களை வெட்டிவிடுங்கள், தீ அவற்றின் வழியாகவும் கடக்கும். வெட்டிய மண்ணை வெளிப்பக்கம் கொட்டாதீர்கள்.

பிறகு தண்ணீர். காய்ந்த கருமண் தண்ணீரை உறிஞ்சாது. மேலே தெளித்தால் வழிந்தோடிவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் கலந்தால் உள்ளே இறங்கும். மண்வெட்டியால் கொத்திக் கிளறி, ஊற்றி, மறுபடி கிளறிக் கூழாக்குங்கள். ஆவி நின்றபின், புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் தோண்ட வேண்டும். மண்ணைப் போட்டு மூடுவது குறுக்குவழி அல்ல; மூடினால் நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் பல நாள் கனன்றுகொண்டிருக்கும்.

மறுநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள், குளிர்ந்த காற்றில் மெல்லிய புகையும் தெரியும். ஒரு வாரம் இப்படிப் பார்ப்பது என் கணக்கு.

கடைசியாக, பக்கத்துக் கானை மணல் மூட்டையால் அடைத்துத் தண்ணீரைத் தேக்குங்கள். செம்பனைக்கு நிலத்தடி நீர் 40 முதல் 60 செ.மீ. ஆழத்தில் நின்றால் போதும். அதற்கும் கீழே இறங்கினால் இன்னொரு மூட்டை வையுங்கள்.